நாய் மாட்டேன் என்றது

மூக்குக்கு மேல் பெரிய கண்ணாடி மாட்டிய ஒரு நாய். அதைத் தன் நெஞ்சோடு வாரால் சேர்த்துக் கட்டிக்கொண்டு, பறக்கும் விமானத்தின் திறந்த வாசலில் நிற்கிறார் ஒருவர். அடுத்த நொடி இருவரும் வெளியே விழுகிறார்கள். நாயின் காதுகள் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. எதிர்க்காற்று உதடுகளை ஒதுக்கிப் பல்லை வெளியே காட்டுகிறது. பின்னணியில் துள்ளலான இசை. பாராசூட் விரிந்து தரை இறங்கியதும் நாயைத் தட்டிக்கொடுக்கிறார்கள். அதற்கு இது ரொம்பப் பிடிக்கும் என்று கீழே எழுதியும் விடுகிறார்கள்.

வெளிநாட்டில் எடுத்த இந்த மாதிரி வீடியோக்கள் இன்றைக்குக் குருவிகுளம் டீக்கடை பெஞ்சு வரை வந்துவிடுகின்றன. பார்ப்பவர்களில் பலர் சிரித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புவார்கள். யாராவது ஒருவர் மட்டும் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ‘பாவம்ல அது’ என்பார். அவர் பக்கம்தான் நான்.

வானத்திலிருந்து குதிக்கும் நாயைப் பற்றிப் பேச இந்தக் கரிசல் பூமிக்கு என்ன பாத்தியதை என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. தென்காசி மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கிறது குருவிகுளம். வடக்கே விருதுநகர் மாவட்டத்தில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும். இரண்டு ஊரின் பெயரும் இரண்டு நாய் இனங்களின் பெயர். ராஜபாளையம் நாய்க்கு 2005 ஜனவரியில் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி, நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னார். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ படம் 2018-ல் வந்தபோது, தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்லப்பட்ட கருப்பி என்ற நாய்க்காகத் தமிழ்நாடே கண்கலங்கியது. நாயோடு வேட்டைக்கும் போய், நாயை வைத்துக் கௌரவமும் தேடிய மண் இது. நாய்க்கு எது சந்தோஷம், எது வாதை என்பதில் இந்த மக்களுக்குச் சொல்ல வார்த்தை உண்டு, பதில் சொல்ல வேண்டிய கடமையும் உண்டு.

முதலில் அந்த உயரத்தில் ஒரு நாயின் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். விளையாட்டுக்காகக் குதிப்பவர்கள் பெரும்பாலும் 10,000 முதல் 14,000 அடி உயரத்திலிருந்து குதிக்கிறார்கள். ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சுமார் ஆறரை டிகிரி குறையும். குருவிகுளத்தில் 36 டிகிரி வெயில் அடிக்கும் மத்தியானத்தில், நேர் மேலே 13,000 அடியில் சுமார் 10 டிகிரிதான் இருக்கும். அந்தக் குளிரில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அறைகிறது. சிப்பிப்பாறை நாயின் முதுகில் கையை வைத்துப் பாருங்கள். முடி ஒட்ட வெட்டியதுபோல் இருக்கும். தோலுக்கு அடியில் கொழுப்பே இருக்காது, விலாவை எண்ணிவிடலாம். வெக்கையில் ஓடுவதற்காக அமைந்த உடம்பு அது.

குளிரைக்கூடப் பொறுத்துவிடலாம், காதுதான் பெரிய பாடு. 13,000 அடியிலிருந்து 5,000 அடிக்கு விழ முக்கால் நிமிடம் போதும். பயணிகள் விமானம் இறங்கும்போது உள்ளே காற்றழுத்தம் நிமிடத்துக்குச் சில நூறு அடி என்ற கணக்கில்தான் மாறும், அதற்கே நமக்குக் காது அடைக்கிறது, கைக்குழந்தைகள் வீறிட்டு அழுகின்றன. இங்கே முக்கால் நிமிடத்தில் எட்டாயிரம் அடி. மனிதன் என்றால் எச்சிலை விழுங்கு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊது என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கலாம். நாய்க்கு யார் சொல்வது? அதற்கு மேல் சத்தம். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றால் நாயின் காது 45,000 வரை கேட்கும். கதவைத் திறந்த சிறிய விமானத்தின் எஞ்சின் இரைச்சலில் நாமே கத்தித்தான் பேச வேண்டும். தலையில் போட்ட துணித் தொப்பியால் அந்தச் சத்தத்தைத் தடுக்க முடியாது.

சத்தம் நாயை என்ன செய்யும் என்பதை வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தீபாவளி ராத்திரி கட்டிலுக்கு அடியில் ஒரு நாயைத் தேடிப் பாருங்கள். சுவர் மூலையில் முதுகை ஒட்டவைத்து, வாலை வயிற்றுக்குக் கீழே மடக்கிக்கொண்டு கிடக்கும். காது இரண்டும் பின்னால் படிந்திருக்கும். வாயைத் திறந்து வேகமாக மூச்சு விடும். வெக்கைக்கு விடும் மூச்சு வேறு, இது வேறு. நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டே இருக்கும். தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும். பிடித்தமான கறித்துண்டை நீட்டினாலும் முகர்ந்து பார்க்காது. வெள்ளை விழி தெரியும்படி ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அந்தக் குதிக்கும் வீடியோக்களைச் சத்தத்தை நிறுத்திவிட்டு இன்னொரு முறை பாருங்கள். விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும் நாயின் காது எங்கே இருக்கிறது, வால் எங்கே இருக்கிறது, நாக்கு என்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

போர்க்களத்தில் ஒரு மறுப்பு

பாராசூட்டில் நாயை இறக்கும் பழக்கம் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் ராணுவத்தின் 13-வது பாராசூட் பட்டாலியன் சில நாய்களைப் பழக்கியது. கண்ணிவெடியை மோப்பம் பிடிக்கவும் எதிரி நெருங்குவதை முன்கூட்டியே உணர்த்தவும் அவை தேவைப்பட்டன. பிங், மான்ட்டி, ராணி என்பவை அவற்றில் மூன்று. நாயின் எடைக்குப் பொருத்தமான பாராசூட் ராணுவத்திடம் ஏற்கெனவே இருந்தது, மடக்கு சைக்கிள்களை இறக்குவதற்காகச் செய்தது. அதையே நாய்க்கும் கட்டினார்கள்.

எப்படிக் குதிக்க வைத்தார்கள் என்பதுதான் முக்கியம். குதிக்கும் நாளில் நாய்க்குச் சோறும் தண்ணீரும் கிடையாது. பழக்குபவரின் பையில் மட்டும் இறைச்சி இருக்கும். அவர் முதலில் குதிப்பார், பசித்த நாய் அவருக்குப் பின்னால் குதிக்கும். தரை இறங்கியதும் இறைச்சி கிடைக்கும். இதையே திரும்பத் திரும்பச் செய்து பழக்கினார்கள். நாய் தானாகவே குதித்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதன் பசியை வைத்துத்தான் அந்தச் சம்மதத்தை வாங்கினார்கள்.

1944 ஜூன் 6-ம் தேதி, நார்மண்டி படையெடுப்பின் அதிகாலை. கீழிருந்து பீரங்கிக் குண்டுகள் விமானத்தைச் சுற்றி வெடித்துக்கொண்டிருந்தன. வீரர்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். இத்தனை முறை பழகிய பிங், அன்றைக்கு வாசலுக்கு வரவில்லை. திரும்பி விமானத்தின் பின்பக்கம் போய்ப் பதுங்கிக்கொண்டது. பொறுப்பாளர் போய் அதைப் பிடித்து இழுத்து வந்து வெளியே தள்ள வேண்டியதாயிற்று. கீழே மரத்தில் பாராசூட் சிக்கி, வீரர்கள் கண்டுபிடிக்கும்வரை பிங் அந்தரத்தில் தொங்கியது. முகத்தில் காயம். இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே ராணி காணாமல் போனது, பிறகு அகப்படவே இல்லை. பிங் போர் முடியும்வரை உழைத்தது. 1947-ல் விலங்குகளின் வீரத்துக்குத் தரப்படும் டிக்கின் பதக்கத்தையும் பெற்றது.

அந்த வீரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாவுக்கு முன்னால் நின்றவர்கள், அந்த நாய்களால் உயிர் பிழைத்தவர்கள் அவர்கள். ஆனால் பதக்கத்தைப் பற்றிப் பேசும் யாரும், விமானத்தின் பின்பக்கம் போய்ப் பதுங்கிய அந்த நிமிடத்தை மறந்துவிடக் கூடாது. நாய் தனக்குத் தெரிந்த முறையில், தெளிவாக, மாட்டேன் என்று சொன்னது. மனிதர்களின் போர் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

அடுத்து ராக்கெட். 1951 ஜூலையில் சோவியத் நாடு தெசிக், த்சிகான் என்ற இரண்டு நாய்களைச் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, பாராசூட்டில் பத்திரமாக இறக்கியது. ஒரு வாரத்தில் தெசிக்கை மறுபடியும் ஏற்றினார்கள், கூட லிசா என்ற நாய். இந்த முறை பாராசூட் விரியவில்லை. இரண்டும் செத்தன. 1957 நவம்பர் 3-ம் தேதி ஸ்புட்னிக்-2ல் போன லைக்காவுக்கோ திரும்பி வரும் ஏற்பாடே கிடையாது. மாஸ்கோ தெருவில் திரிந்த நாய் அது. குறுகலான கூட்டில் நாள்கணக்கில் அடைத்துப் பழக்கி அனுப்பினார்கள். விண்வெளியில் பல நாள் உயிரோடு இருந்தது என்று அப்போது உலகத்துக்குச் சொன்னார்கள். புறப்பட்ட சில மணி நேரத்திலேயே கலத்துக்குள் வெப்பம் ஏறி அது இறந்துபோனது என்பது 2002-ல்தான் வெளியே வந்தது. அந்தத் திட்டத்தில் இருந்த விஞ்ஞானி ஒலெக் கசென்கோ முதுமையில் அதற்காக வருந்தினார். நாயின் சாவுக்கு ஈடாகச் சொல்லும்படி நாங்கள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம்.

நாட்டுக்காக, அறிவியலுக்காக என்று செய்தவர்களே கடைசியில் அப்படிச் சொல்லவேண்டி வந்தது. இப்போது நடப்பது எதற்காக? 1997 மே 20-ம் தேதி கலிஃபோர்னியாவின் லேக் எல்சினோரில் புரூட்டஸ் என்ற குட்டையான டாக்ஸ்ஹண்ட் நாயோடு 15,000 அடியிலிருந்து குதித்தார்கள். கின்னஸ் புத்தகத்தில் பதிவாயிற்று. அந்தச் சாதனை புரூட்டஸுக்கு எந்த வகையில் பிரயோசனம்?

‘விட்டுட்டுப் போனா ஏங்கிப்போயிரும்’

எதிர்த்தரப்பு வாதத்தையும் முழுதாகக் கேட்க வேண்டும், அதில் உண்மை இருக்கிறது. அமெரிக்க மலையேற்ற வீரர் டீன் பாட்டர் தன் நாய் விஸ்பரை முதுகில் கட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலை உச்சியிலிருந்து குதித்தார். 2014-ல் அது படமாகவே வந்தது. வீட்டில் தனியாக விட்டு வர மனமில்லை என்பது அவர் சொன்ன காரணம். நாய் வளர்த்தவர்கள் எவரும் இதைப் பொய் என்று தள்ளிவிட மாட்டார்கள். நாம் கதவைச் சாத்திக்கொண்டு போனால் நாய் படும் பாடு நிஜம். திரும்பி வரும்போது அது துள்ளுவதும் நிஜம். மறு ஆண்டு மே 16-ம் தேதி யோசெமிட்டியில் பாட்டர் குதித்தபோது பாறையில் மோதி இறந்துபோனார், கூடக் குதித்த நண்பரும் இறந்தார். விஸ்பரை அன்றைக்கு அழைத்துப் போயிருக்கவில்லை. அதனால் அது பிழைத்தது.

அவர் அந்த நாயை நேசித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நேசிப்பதும் நியாயமாக நடத்துவதும் வேறு வேறு. பாட்டர் அந்த ஆபத்தைத் தெரிந்து ஏற்றுக்கொண்டார், அது அவருடைய உரிமை. பாறை எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம், பாராசூட் விரியாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் விஸ்பருக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான், அவர் எங்கே போனாலும் கூடப் போக வேண்டும். அந்த விசுவாசத்தையே சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அநியாயம்.

‘பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்கு’ என்பது இன்னொரு வாதம். 1967-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். அந்தச் சோதனையே கொடுமையானது. தப்பிக்கவே முடியாதபடி கட்டிவைத்து மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு, ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பிவிடலாம் என்கிற கூண்டில் விட்டபோதும், அவற்றில் பல நாய்கள் தாண்டவே முயலவில்லை. அப்படியே படுத்து வாங்கிக்கொண்டன. எதைச் செய்தாலும் பிரயோசனமில்லை என்று ஆகிவிட்டால் நாய் அடங்கிப்போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அமைதியாகத் தெரியும். நாலு காலும் வாரில் மாட்டி அந்தரத்தில் தொங்கும் நாய் அசையாமல் இருப்பதை வைத்து, அதற்குப் பயமில்லை என்று சொல்லிவிட முடியாது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம் கரிசல்காட்டு நாய்களை யாரும் விமானத்தில் ஏற்றவில்லை. ஆனால் நாயின் பயத்தை அதன் வீரமாகவும் நம் ஆசையை அதன் ஆசையாகவும் மாற்றிச் சொல்லும் பழக்கம் இங்கும் இருக்கிறது. சாயங்காலம் சங்கரன்கோவில் ரோட்டில் பைக் டேங்க்கின் மேல் ஒரு சிப்பிப்பாறையை உட்காரவைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம். வழுக்குகிற தகட்டில் நகங்கள் கீறிக்கொண்டு பிடிமானம் தேடும். வளைவில் பின்னங்கால்கள் சறுக்கும். முகத்தில் காற்று அடிப்பது அதற்குப் பிடிக்கும் என்பார்கள். பிடித்தால் நகம் ஏன் அப்படி ஊன்றுகிறது?

வேட்டை கொஞ்சம் சிக்கலான விஷயம். பொங்கலை ஒட்டி நாய்களோடு முயல் வேட்டைக்குப் போவது தென் மாவட்டங்களில் பழைய வழக்கம். ‘ச்சூ’ என்று ஒரு சத்தம் கொடுத்தால் கன்னியும் சிப்பிப்பாறையும் பாயும். அந்தப் பாய்ச்சலில் நாய்க்கு ஆனந்தம் இருக்கிறது, அதை நான் மறுக்கமாட்டேன். யாரும் கட்டி இழுத்துப் போகவில்லை, தள்ளிவிடவில்லை, உடம்பு கேட்கிற ஓட்டம் அது. ஆனால் முயலுக்கு அது சாவு. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அதை விட்டாக வேண்டும், அதில் சமரசம் இல்லை. ஆனால் வேட்டையை விட்ட வீடுகளில் நாயின் ஓட்டத்தையும் சேர்த்தே நிறுத்திவிட்டார்கள். ஓடுவதற்கென்றே பிறந்த நாய் காலையிலிருந்து ராத்திரி வரை ரெண்டு முழச் சங்கிலியில் வேப்பமரத்தடியில் கிடக்கிறது. வெளிச்சம் காட்டாமல் வளர்த்தால் ரோஷம் கூடும் என்று கொட்டகைக்குள்ளேயே அடைத்துவைப்பவர்களும் உண்டு. அதனால் ரோஷம் கூடுவதில்லை, மிரட்சிதான் கூடுகிறது.

வானத்தில் குதிக்க வைப்பதும் சங்கிலியில் கிடக்க வைப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். இரண்டிலும் நாயின் உடம்பு எதற்காக அமைந்தது என்பதை யாரும் கேட்கவில்லை.

பத்து ரூபாய்ச் சட்டம்

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. அதைக் கொண்டுவரப் பாடுபட்டவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவை நிறுவியவர் என்றுதான் நமக்கு அவரைத் தெரியும். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாக 1960-ல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் சென்னையில் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவர்தான் முதல் தலைவர்.

அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். தேவையற்ற வலியோ வேதனையோ தரும் விதத்தில் விலங்கை ஏற்றிச் செல்வது குற்றம். அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடக்கவோ ஓடவோ விடாமல் இருப்பதும் குற்றம். இந்தக் கடைசி விதியில் நாய் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். வேப்பமரத்தடிச் சங்கிலிக்கு எதிராக 1960-லேயே சட்டம் இருக்கிறது.

தண்டனை என்ன தெரியுமா? முதல் முறை என்றால் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம். இன்றைய டீயும் வடையும் வாங்கும் காசில் ஒரு வதையைத் தீர்த்துவிடலாம். அபராதத்தை உயர்த்தத் திருத்த மசோதாவின் வரைவை ஒன்றிய அரசு 2022 நவம்பரில் மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. அது சட்டமாகவில்லை.

இதே சட்டத்தை வைத்து ஜல்லிக்கட்டைத் தடைசெய்து 2014 மே 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு தமிழ்நாட்டில் பலருக்குக் கசப்பானது. 2017-ல் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது, 2023 மே 18-ம் தேதி அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்ல அரசியல் சாசனத்தில் இடமில்லை என்றும் அந்த அமர்வு சொன்னது. ஜல்லிக்கட்டைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், 2014 தீர்ப்பில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பசி, தாகம், வலி, நோய் இவற்றோடு பயத்திலிருந்தும் விலங்குக்கு விடுதலை வேண்டும் என்று அது எழுதியது. உடம்பில் காயம் இல்லையே என்று தப்பிக்க அதில் வழியில்லை. பயமும் ஒரு வதைதான்.

இந்தியாவிலும் இந்த விளையாட்டு வளர்கிறது. ஹரியானாவின் நார்னாலில் பொதுமக்கள் காசு கட்டிக் குதிக்கிறார்கள். தாராளமாகக் குதிக்கட்டும், படிவத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டுக் குதிப்பவர்கள் அவர்கள். நாளைக்கு யாராவது தன் பக் நாயைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து நின்றால், அனுமதிக்கக் கூடாது. மூக்கு சப்பையாகி, தரையிலேயே மூச்சுக்குத் திணறும் இனம் அது. அப்படி ஒரு விண்ணப்பம் வருவதற்கு முன்பே விலங்குகள் நல வாரியம் தெளிவாக ஒரு உத்தரவு போட்டுவிடுவது நல்லது. மீட்புப் பணிக்கும் ராணுவத்துக்கும் மட்டும், அதுவும் வேறு வழியே இல்லாதபோது மட்டும், விலக்கு இருக்கட்டும்.

நாயை வானத்திலிருந்து குதிக்க வைப்பது கொடுமையா? கொடுமைதான். காயம் படாமல் இறங்கினாலும் கொடுமை. பத்துத் தடவை குதித்துப் பழகியிருந்தாலும் கொடுமை. போகமாட்டேன் என்று சொல்ல அதற்கு இடமே கொடுக்காமல், நம் வேடிக்கைக்காக அதன் உயிரைப் பணயம் வைக்கிறோம்.

வாசகர்களிடம் கேட்பது இதுதான். அந்த வீடியோ உங்கள் போனுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். பார்வைகள் கூடுவதால்தான் அடுத்த நாயைக் கட்டுகிறார்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் ஊருக்கு வரும்போது, 10 ரூபாய் அபராதத்தை எப்போது மாற்றப்போகிறீர்கள் என்று கேளுங்கள். அதற்கு முன்னால், இன்றைக்குச் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும், உங்கள் வீட்டு நாயை அவிழ்த்து, நீளமான கயிற்றில் பிடித்துக்கொண்டு, அறுப்பு முடிந்த காட்டுப் பக்கம் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள்.